யாழ்ப்பாணத்து வளவு



வீட்டைச் சூழ அழகியதொரு தோட்டத்தை அமைக்க விரும்புவோர்க்கு வழி கூறும் நூல்கள் இக்காலத்திற் பல வெளிவருகின்றன. எந்தச் செடியை எங்கே நடுவது, எந்த நிறத்தோடு எந்த நிறத்தை இணைப்பது, நடைபாதையை எவ்வாறு வளைப்பது என்பனவற்றை அவை வண்ணப் படங்களோடு விளக்குகின்றன. அவற்றைப் படிக்கும் நம்மவர் பலர், மனைத்தோட்டம் என்பது பிறநாட்டார் நமக்குக் கற்பித்த கலை என்றே எண்ணிவிடுகின்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நம் முன்னோர் பல நூற்றாண்டுகளாக ஒரு மனைத்தோட்டத்தைத் திட்டமிட்டு அமைத்து அதனுள் வாழ்ந்து வந்தனர். அதற்கு 'வளவு' என்பது பெயர். அவ்வளவின் வரலாற்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலே தோட்டம் என்னும் சொல், புகையிலை, மிளகாய், வெங்காயம் முதலியன செய்கை பண்ணப்படும் மேட்டு நிலத்தையே பெரும்பாலும் குறிக்கும். வயல் என்பது நெல் விளையும் தாழ்ந்த நிலம். வீடும் கிணறும் மரஞ்செடி கொடிகளும் அடங்க, நாற்புறமும் வேலி அடைக்கப்பட்ட குடியிருப்பு நிலமே வளவு எனப்படும். நிலத்தை நாம் பரப்புக் கணக்கிலே சொல்வது வழக்கம். 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். மனையைச் சார்ந்த தோட்டம் என்ற எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. சங்க நூல்களிலே அதனைக் குறிக்கப் 'படப்பை' என்னும் சொல் வழங்கியது. தான் விதையிட்டு வளர்த்த புன்னை மரத்தைத் தலைவி தன் உடன்பிறந்தாளாக எண்ணி, அதன் நிழலிலே காதலனோடு நகையாட நாணியதாக நற்றிணைப் பாட்டொன்று கூறும். மனையருகே நின்ற மரம் குடும்பத்தில் ஒருவராகக் கருதப்பட்ட காலம் அது.

யாழ்ப்பாணத்து வளவை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், முதலில் அதன் நிலத்தையும் நீரையும் விளங்கிக்கொள்ளல் வேண்டும். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். அதன்மேலே வலிகாமத்திற் பெரும்பாலும் செம்பாட்டு மண்ணும், வடமராட்சி, தென்மராட்சிப் பகுதிகளில் மணற்பாங்கான மண்ணும் படிந்துள்ளன. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இங்கில்லை. வழுக்கியாறு மாரியில் ஓடிக் கோடையில் வற்றிவிடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றதாயினும், அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலே பெய்து முடிந்துவிடுகின்றது. அம்மழை நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, நிலத்தின் கீழுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. அந்த நன்னீர் வில்லையே குடாநாட்டின் வாழ்வு. கிணறு என்பது அதனுள் நாம் இடும் ஒரு துளை.

இக்கிணற்றிலிருந்து நீரை மேலே கொணர்வதற்கு நம் முன்னோர் கொண்ட கருவி துலா. ஆடுகாலின்மீது நீண்ட மரமொன்றைப் பொருத்தி, அதன் ஒரு முனையிலே துலாக்கொடியையும் பனையோலையால் இழைத்த பட்டையையும் தொங்கவிட்டனர். வீட்டுக் கிணற்றிற் சிறு துலாவை ஒருவரே இழுத்து அள்ளலாம். தோட்டக் கிணற்றிலோ ஒருவரோ இருவரோ துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னுமாக நடக்க, கீழே நிற்பவர் பட்டை நீரை வாய்க்காலில் ஊற்றினார். விடியுமுன் தொடங்கும் இறைப்பு வெயிலேறும் வரை நடந்தது. 1845ஆம் ஆண்டு முதல் 1850ஆம் ஆண்டு வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராகப் பணிபுரிந்த எமர்சன் தெனன்று, 1859இல் வெளியிட்ட தமது பெருநூலிலே யாழ்ப்பாணத்தாரின் தோட்டச் செய்கையையும் அதன் பின்னிருந்த உழைப்பையும் வியந்து எழுதினார். ஒவ்வொரு பட்டை நீரும் மனிதனின் காலாலும் கையாலும் விலை கொடுத்துப் பெற்ற நீராகும். அவ்வாறு பெற்ற நீரை எவரும் வீணே ஓடவிடார். யாழ்ப்பாணத்து வளவின் அமைப்பு முழுவதும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறந்தது என்பது என் கருத்து.

வளவின் பழைமையை நோக்குவோம். 1736ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளுக்கு இணங்க மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, இந்நாடு முன்னர் மணற்றிடல் எனப் பெயர் பெற்றிருந்தது என்றும், யாழ் வாசித்துப் பரிசு பெற்ற கண்ணிழந்த பாணன் ஒருவன் இங்கே குடிகளைக் கொணர்ந்து குடியேற்றினான் என்றும் கூறுகின்றது. இது வரலாறு என்பதிலும் பார்க்க வழிவழி வந்த கதை என்றே கொள்ளத்தக்கது. எனினும் அக்கதையிலே ஓர் உண்மை பொதிந்திருக்கின்றது. வெறும் மணல் மேடாக நினைக்கப்பட்ட நிலத்தைக் குடிகள் தம் உழைப்பினால் மரம் நிறைந்த ஊர்களாக்கினர் என்பதே அவ்வுண்மை.

நல்லூரிலே யாழ்ப்பாண அரசர் அரண்மனை அமைத்து வாழ்ந்தபோது, அரண்மனையைச் சூழத் தோப்புகளும் குளங்களும் இருந்தன. பகர வடிவிலே கல்லாற் கட்டப்பட்ட யமுனா ஏரி இன்றும் அங்கு உண்டு; யமுனை நதியின் நீரைக் கொணர்ந்து அதில் விட்டனர் என்பது ஐதிகம். சங்கிலித்தோப்பு, பண்டாரவளவு என்னும் இடப்பெயர்கள் அரசர் காலத்தை நமக்கு நினைவூட்டுகின்றன. 1619இல் போத்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர், அரண்மனை அழிந்தது. ஆனால் தோப்பு என்ற சொல்லும் வளவு என்ற சொல்லும் அழியவில்லை. குடிமக்களின் காணிகளுக்கும் இவ்வாறே பெயர்கள் உண்டு. பழைய உறுதிகளை எடுத்து வாசிப்போர், புளியடி, மாவடி, இலுப்பையடி என மரத்தாற் பெயர் பெற்ற காணிகள் எத்தனை என்பதைக் காண்பர். மரம் பட்டுப்போய்த் தலைமுறைகள் கழிந்த பின்னரும் காணி அம்மரத்தின் பெயரையே சுமந்து நிற்கின்றது.

இனி, ஒரு பழைய வளவினுள் நுழைந்து அதன் ஒழுங்கைக் காண்போம்.

தெருவோரத்து வேலியிலே படலை இருக்கும். வசதியுள்ளோர் வீட்டில் அது கூரை வேய்ந்த சங்கடப்படலையாக அமையும். வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர் ஒதுங்குவதற்கும், குடத்திலே தண்ணீர் வைப்பதற்கும் அது இடமாயிற்று. படலையைக் கடந்தால் முற்றம். முற்றத்திலே புல் வளரவிடுவது வழக்கமன்று. நாள்தோறும் கூட்டிச் சாணநீர் தெளித்த வெறும் நிலமாகவே அதை வைத்திருந்தனர். நெல்லும் மிளகாயும் ஒடியலும் காயப்போடுவதற்கும், பாம்பு பூச்சிகள் கண்ணிற் படுவதற்கும், திருமணத்துக்குப் பந்தலிடுவதற்கும் அவ்வெறுமை வேண்டியிருந்தது. முற்றத்தின் ஒரு புறத்திலே நிழலுக்கு வேம்போ மாமரமோ நிற்கும். கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி எனத் தம் வளவு மாமரத்தின் சாதியைச் சொல்லிப் பெருமைப்படாத யாழ்ப்பாணத்தவர் அரியர்.

முற்றத்தின் ஓரங்களிலே செவ்வரத்தை, நந்தியாவட்டை, அலரி, பவளமல்லிகை ஆகியனவும், விறாந்தையின் அருகே மல்லிகை, முல்லைப் பந்தலும் இருக்கும். இவை பெரும்பாலும் பூசைக்குரிய மலர்கள். விடியற்காலையிலே பூக்கொய்து சுவாமி அறைக்கும் கோயிலுக்கும் கொடுப்பது வீட்டார் கடமையாக இருந்தது. ஆதலால் வீட்டின் முற்பக்கம் பூவுக்கென்று ஒதுக்கப்பட்டது. கண்ணுக்கு அழகும் கடவுளுக்கு வழிபாடும் அங்கே ஒன்றாய் நின்றன.

வீடு நாற்சார் வீடாயின் அதன் நடுவே வானம் பார்த்த முற்றமொன்று இருக்கும். மழை நீர் அதில் விழுந்து வடிந்து மண்ணுக்குள் இறங்கும். வீட்டின் பக்கத்திலே, அடுக்களைக்கு எட்டிய தூரத்தில், கறிவேப்பிலை, தேசி, மாதுளை, ஓரிரு மிளகாய்ச் செடிகள் நிற்கும். கறி கொதிக்கும்போது எழுந்து சென்று இலை பறித்து வருவதற்கு ஏற்ற தூரமே அச்செடிகளின் இடத்தைத் தீர்மானித்தது.

அதன் அப்பால் கிணற்றடி. இங்கேதான் நம் முன்னோரின் திட்டம் தெளிவாகப் புலப்படுகின்றது. குளித்த நீர் கிணற்றுக்கட்டிலிருந்து சிறு வாய்க்கால் வழியாக வாழைக்குச் செல்லும். இதரையும் கதலியும் மொந்தனும் அங்கே குலை தள்ளும். வாழையைக் கடந்த நீர் கமுகுக்கும் அதிற் படரும் வெற்றிலைக்கும் செல்லும். ஈரம் தங்கிய இடத்திலே வல்லாரையும் பொன்னாங்காணியும் தாமே படரும். அரிசி கழுவிய நீர் மாட்டுக்கு. காய்கறி கழுவிய நீர் கறிவேப்பிலைக்கு. ஒரு முறை அள்ளிய நீர் இவ்வாறு இரண்டு மூன்று முறை பயன்பட்டு, எஞ்சியது மீண்டும் நிலத்துள் இறங்கியது. தாகம் மிகுந்த செடி கிணற்றுக்கு அருகே. தாகம் குறைந்த செடி தொலைவிலே. மாரி மழையை மட்டும் நம்பி வாழும் பனையும் வேம்பும் எல்லையிலே. இவ்வொழுங்கை எவரும் நூலில் எழுதி வைக்கவில்லை. ஆயினும் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு அதனைக் காணலாம்.

வீட்டின் பின்புறத்தைக் கோடி என்போம். முருங்கையும் பலாவும் தென்னையும் அங்கே நிற்கும். தென்மராட்சிப் பலாவின் சுவையை நேயர்கள் அறிவீர்கள். மாட்டுக்கொட்டில், வைக்கோற்போர், குப்பைக் கிடங்கு ஆகியனவும் அங்கேதான். கொட்டிலின் சாணமும் அடுப்பின் சாம்பலும் உதிர்ந்த இலையும் குப்பைக் கிடங்கிலே மக்கி எருவாகி, ஆண்டு தோறும் தோட்டத்துக்குச் சென்றன.

இவை யாவற்றையும் சூழ்ந்து நிற்பது வேலி. யாழ்ப்பாணத்து வேலி உயிருள்ள வேலியாகும். பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகளைக் கதியாலாக நட்டு, மாரி மழையில் அவை தளிர்த்த பின், வரிச்சுத்தடி கட்டி, கிடுகாலோ பனையோலையாலோ அடைப்பர். கதியால் தளிர்த்து மரமாகும். மரத்தின் குழையை வெட்டி ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடுப்பர். எஞ்சிய குழை தோட்டத்து மண்ணுக்குப் பசளையாகும். அடைத்த ஓலை உக்கிய பின் அதுவும் பசளையே. வேலியிலே முசுட்டையும் கோவையும் குறிஞ்சாவும் பிரண்டையும் முடக்கொத்தானும் படர்ந்தன. பொருள் கொடுத்து வாங்காத கீரையும் மருந்தும் வேலியிலிருந்தே பல வீடுகளுக்குக் கிடைத்தன. இவ்வாறு நோக்கின், எல்லையைக் காட்டுவதற்கு எழுந்த வேலி தானும் ஒரு தோட்டமாய் விளங்கிற்று.

யாழ்ப்பாணத்தாரின் வாழ்க்கை முறையைக் கிடுகுவேலிப் பண்பாடு எனப் பகடியாகச் சொல்வோரும் உளர். அதில் உண்மை இல்லாமலில்லை. வேலியை அடைக்கும் போது கதியால் சிறிது சிறிதாக அயலான் நிலத்துக்குள் நகர்வதும், அதனால் வழக்கு மூள்வதும் நம் ஊர்களிற் புதுமையன்று. ஓரடி நிலத்துக்காக நீதிமன்றத்திலே ஒரு காணியின் விலையைச் செலவிட்டவர் கதைகளை நாம் கேட்டிருக்கின்றோம். ஆயினும் அதே வேலியிலே பொட்டு என்ற ஒன்றும் இருந்தது. ஒருவர் குனிந்து புகத்தக்க அவ்விடைவெளியூடாக நெருப்பும் மோரும் கறியும் செய்தியும் ஒரு வளவிலிருந்து மறு வளவுக்குச் சென்றன. பிள்ளைப்பேற்றுக்கும் நோய்க்கும் உதவிக்கு முதலில் வந்தவர்கள் படலை வழியாக வரவில்லை. பொட்டு வழியாகவே வந்தனர்.

இவ்வளவிலே நின்ற செடிகள் யாவும் தொன்றுதொட்டு நம்முடையவை என்று எண்ணுதல் தவறு. மிளகாய், கொய்யா, பப்பாசி, அன்னாசி, அன்னமுன்னா, கசு என்னும் மரமுந்திரிகை ஆகியன யாவும் அமெரிக்கக் கண்டத்திலே தோன்றி, ஐரோப்பியர் கடல்வழி கண்ட பின் கீழ்த்திசைக்கு வந்தவை. அன்னாசி, அன்னமுன்னா, கசு என்னும் பெயர்களிலே போத்துக்கேயரின் நாவொலியை இன்றும் கேட்கலாம். மிளகைப் போற் காரமுடைய காய் என்று நம்மவர் தாமே பெயரிட்டதே மிளகாய். நம் வேலிகளிற் கிளுவையோடு ஒத்து நிற்கும் சீமைக்கிளுவை மத்திய அமெரிக்காவுக்குரியது என்பதை அதன் பெயரிலுள்ள சீமை என்ற சொல்லே அறிவிக்கும். எங்கும் பூத்துக் கிடக்கும் பட்டிப்பூவின் தாயகம் மடகாஸ்கர்த் தீவு. பின்வந்த காலத்தில் போகன்வில்லாவும் குரோட்டனும் முற்றத்திலே இடம் பெற்றன. வளவு, வந்தவற்றை எல்லாம் ஏற்றது. ஆனால் தன் நீருக்கும் மண்ணுக்கும் ஒத்தவற்றையே வைத்துக்கொண்டது.

வளவுக்குச் சட்டத்தோடும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியிலே, திசாவையாகப் பணிபுரிந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் யாழ்ப்பாணத்தவரின் வழக்காறுகளைத் தொகுத்து 1707இல் அளித்தார். முதலிமார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலுவளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை மூவகையாகப் பகுக்கும் அச்சட்டத்தின்கீழ், குடியிருந்த வளவு பெரும்பாலும் சீதனமாக மகளுக்குச் சென்றது. இதன் பயனை நாம் ஆராய்தல் வேண்டும். மணமகன் பிறிதொரு வளவிலிருந்து வருபவன்; மணமகளோ தன் தாய் நட்ட மரங்களின் இடையே தொடர்ந்து வாழ்பவள். எந்த மாமரம் எந்த ஆண்டிற் காய்க்காமல் விடும், எந்த மூலையில் உவர் ஏறும் என்ற அறிவு தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது. வளவின் வரலாற்றை எழுதியவர்கள் ஆண்களாயினும், அதை வளர்த்தவர்கள் பெண்களே.

அதே சட்டம் காணியை விற்கும்போது பங்காளிக்கும் அயலவருக்கும் முன்னுரிமை வழங்கியது. அந்நியர் இடையிலே புகாதபடி வளவுகளை அது காத்தது. 1947இல் இம்முன்னுரிமை தனிச் சட்டமொன்றினால் ஒழுங்கு செய்யப்பட்டது. மக்கள் பெருக வளவுகள் பிரிக்கப்பட்டன. கிணற்றைப் பிரிக்க இயலாது. ஆகவே கிணற்றிற் பங்கும், அதற்குச் செல்லும் வழி வாய்க்கால் உரிமையும் உறுதிகளிலே எழுதப்பட்டன. நான்கு குடும்பத்தினர் ஒரே கிணற்றிலே முறைவைத்து அள்ளிய ஊர்கள் பல.

இவ்வளவும் கூறிய பின் மற்றொன்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. எல்லோருக்கும் வளவு இருந்ததில்லை. சாதியின் பெயராலே ஒதுக்கப்பட்ட மக்கள் பலர் பிறர் காணியிலே குடியிருந்தனர். அவர்கள் பிறர் கிணற்றிலே தாமாக அள்ள இயலாது. யாரேனும் வந்து அள்ளி ஊற்றும் வரை குடத்தோடு காத்து நின்ற தாய்மாரை நம் ஊர்கள் கண்டன. சங்கடப்படலையில் வைத்த நீரும் எல்லாருக்கும் ஒரே ஏனத்திற் கிடைக்கவில்லை. சாதி காரணமாகப் பொது வசதிகளை மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே இந்நாட்டில் நிறைவேறிற்று. ஊர்க் கிணறுகளின் வழக்கம் மாற அதன் பின்னும் பல ஆண்டுகள் சென்றன. வளவின் அழகைப் போற்றும் நாம், அந்த அழகுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களை மறத்தல் ஆகாது. துலா மிதித்த கால்களிலும் கிணறு வெட்டிய கைகளிலும் பெரும்பாலானவை அவர்களுடையவை.

எளிய மக்கள் வீட்டருகே பயனையும் அழகையும் ஒன்றாக வளர்த்தமை நமக்கு மட்டும் உரியதன்று. கண்டிப் பகுதியின் மனைத்தோட்டங்களிலே பலாவும் கமுகும் மிளகும் கராம்பும் கோப்பியும் அடுக்கடுக்காய்க் காடு போல நிற்கின்றன. இங்கிலாந்திலே சிற்றூர்த் தொழிலாளர் தம் குடிமனைகளின் முன்னே கிழங்கும் கீரையும் மூலிகையும் பழமரமும் நட்டு, அவற்றின் இடையே பூஞ்செடிகளையும் நெருக்கமாக வளர்த்தனர். செல்வரின் மாளிகைத் தோட்டங்களையே கலையென்று போற்றிய அந்நாட்டில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் ரொபின்சன் என்பாரும் கேட்ரூட் ஜீக்கில் அம்மையாரும் அக்குடிமனைத் தோட்டங்களின் சிறப்பை எடுத்துரைத்தனர். 1843இற் பிறந்த ஜீக்கில் அம்மையார் ஓவியம் பயின்றவர். கண்பார்வை குன்றியமையால் ஓவியத்தையும் நுண்ணிய கைவேலைகளையும் விட்டுத் தோட்டக் கலையில் முழுமையாக ஈடுபட்டவர். சறே மாவட்டத்துச் சிற்றூர்களிலே ஏழையர் வீட்டு முற்றங்களைப் பார்த்துக் கற்றதைத் தம் நூல்களிலும் தோட்டங்களிலும் பயன்படுத்தினார். அவரோடு இணைந்து பணிபுரிந்த லுட்யன்ஸ் என்னும் கட்டடக் கலைஞரே பின்னர் புதுதில்லி நகரை அமைத்தவர்களுள் ஒருவர்.

ஆங்கில நாட்டவர் தம் ஏழையரின் தோட்டத்தைக் கலையாக மதிக்கக் கற்றனர். நாமோ அவர்களுடைய தோட்டத்தின் படத்தைப் பார்த்து நம் முற்றத்திலே புற்றரை விரிக்க முயல்கின்றோம். அங்கே ஆண்டின் எல்லா மாதங்களிலும் மழை பெய்கின்றது. புல்லுக்கு நீர் இறைக்க வேண்டிய தேவை அங்கே குறைவு. இங்கே பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு பரப்புப் புற்றரையைப் பசுமையாக வைத்திருக்க வேண்டுமாயின், எத்தனை வாழைக்கு உரிய நீரை அதற்குக் கொடுக்க நேரிடும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறு எண்ணிப் பார்க்கும் பழக்கம் நம்மிடமிருந்து நீங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. 1950ஆம் ஆண்டுகளின் பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் துலாவின் இடத்தைப் பிடித்தது. அஃது உழைப்பாளியின் முதுகைக் காப்பாற்றியது. அதனை நாம் பழித்தல் தகாது. ஆயினும், நீரின் விலையை உடல் உணர்ந்த காலம் அதனோடு போயிற்று. கடல் சூழ்ந்த நிலங்களின் அடியிலுள்ள நன்னீரைப் பற்றி ஐரோப்பிய அறிஞர் இருவர் கண்ட விதியொன்று உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதன்கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்தால், கீழே உவர்நீர் 40 அடி எழும். இயந்திரம் கொண்டு அளவின்றி இறைத்த கிணறுகள் சில உவர்த்துப் போனதன் காரணம் இதுவே. செயற்கைப் பசளை மிகுதியால் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்துள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நீரின் அருமையை அறிந்த பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள், கடனீரேரிகளை நன்னீர் ஏரிகளாக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆற்றை உண்டாக்கும் திட்டத்தை 1954இல் முன்வைத்தார். அத்திட்டம் முழுமை பெறவில்லை.

இரண்டாவது மாற்றம் மதில். ஆண்டுதோறும் வேலி அடைக்க ஆளும் ஓலையும் வேண்டும். மதிலை ஒரு முறை கட்டினாற் போதும். ஆகவே வசதி வந்தபோது மக்கள் மதில் கட்டினர். மதிலிலே குழையில்லை, முசுட்டையில்லை, பொட்டுமில்லை. மதிலைத் தொடர்ந்து முற்றத்துக்கும் சீமெந்து இடப்பட்டது. முன்னர் மண்ணுள் இறங்கிக் கிணற்றை நிரப்பிய மாரி மழை, இன்று மதிலின் துளை வழியே தெருவுக்கு ஓடுகின்றது. கோடையிலே நீர் இல்லை என வருந்தும் நாம், மாரியிலே அதனை வாயிலுக்கு வெளியே அனுப்பிவிடுகின்றோம்.

மூன்றாவதும் கொடியதுமான மாற்றம் போர். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் வளவுகளை விட்டு வெளியேறினர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஓரிரவிலே புறப்பட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தது. பொருளாதாரத் தடை நிலவிய அந்த ஆண்டுகளிலே மண்ணெண்ணெய் அரிதாகி இயந்திரங்கள் ஓய்ந்தபோது, கைவிட்ட துலாவும் கப்பியும் மீண்டும் உழைத்தன. முருங்கையும் மரவள்ளியும் வேலிக் கீரையும் பல குடும்பங்களின் பசியைத் தணித்தன. 2009இன் பின்னர் உயர் பாதுகாப்பு வலயக் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பிச் சென்றோரிற் பலர் வீட்டையும் வேலியையும் காணவில்லை. பற்றை மண்டிய அந்நிலத்திலே தம் வளவை அவர்கள் எதனைக் கொண்டு அடையாளம் கண்டனர்? தூர்ந்து கிடந்த கிணற்றைக் கொண்டும், எஞ்சி நின்ற ஒரு புளியையோ பனையையோ கொண்டும் கண்டனர். உறுதியில் எழுதிய எல்லைகளை நிலத்திலே காட்டிக் கொடுத்தவை அவையே.

வெறுநிலமாய்த் திரும்பக் கிடைத்த வளவை மீண்டும் அமைக்க வேண்டிய குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உள்ளன. புதிய வீடு கட்டித் தோட்டம் அமைக்க விரும்பும் இளைஞரும் உளர். அவர்கட்கெல்லாம் பழைய வளவு கூறும் அறிவுரை எளியது. செடியின் படத்தைப் பார்த்துத் தொடங்காதீர்கள், கிணற்றிலிருந்து தொடங்குங்கள். குளித்த நீர் எங்கே செல்லும் என்பதை முதலில் தீர்மானித்து அங்கே வாழையை நடுங்கள். அடுக்களைக்கு அருகே கறிவேப்பிலையும் தேசியும் நிற்கட்டும். பூஞ்செடிகளை முற்றத்தின் ஓரத்தில் நடுங்கள். செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் அலரியும் நம் வெயிலைத் தாங்குவன. முற்றத்து மண்ணைச் சீமெந்தால் மூடாதீர்கள். கூரை நீரை ஒரு குழியிலே இறக்கிக் கிணற்றுக்குத் திருப்புங்கள். மலசலக் குழியைக் கிணற்றுக்கு அருகே அமைக்காதீர்கள். தெருப்பக்கம் மதில் வேண்டுமாயின் கட்டுங்கள். அயலவர் பக்கத்திலேனும் பூவரசங் கதியாலை நாட்டுங்கள். எல்லையிலே நான்கு பனங்கொட்டையைப் புதையுங்கள். அவற்றின் பயனை நீங்கள் காணாமற் போகலாம். உங்கள் பிள்ளைகள் காண்பர்.

நம் பாடசாலைகளுக்கும் இதிலே ஒரு கடமை உண்டு. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு வளவைப் படமாக வரைந்து, கிணறு, மரம், வேலி, நீர் ஓடும் வழி ஆகியவற்றைக் குறித்து, ஒவ்வொரு மரத்தையும் நட்டவர் யார் என்று வீட்டு முதியவரிடம் கேட்டு எழுதி வரும்படி ஆசிரியர் செய்யலாம். வளவில்லாத பிள்ளை தன் ஊரின் பொதுக் கிணற்றையும் அதனருகே உள்ள மரங்களையும் வரையட்டும். அரசர் பெயரும் போர்களின் ஆண்டும் மட்டுமே வரலாறு என நினைக்கும் பிள்ளைகளுக்கு, தம் பேர்த்தியார் நட்ட மாமரமும் வரலாற்றின் ஏடு என்பது அப்போது விளங்கும்.

முதியவர்கள் இருக்கும்போதே அக்கேள்விகளைக் கேட்டல் வேண்டும். இம்மாரிக்கு முன்னர் ஒரு கதியாலையாவது நாட்டுவோமாக.